பக்மான் பெட்டி: ரியூப்பை எறியாதீர்கள்

தம்பி, கனடாவில் இருந்து மாமா அனுப்பிய 1980ஆம் ஆண்டுப் பக்மான் பெட்டியில் (காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி) படம் சுருங்கி ஆடுகிறது, படம் காட்டும் கண்ணாடி ரியூப்பை எறிந்துவிட்டு எல்சிடி போடட்டா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது 110 வோல்ட் சாமான், இங்கத்தைய வோல்ட்டேஜை அதற்கேற்பக் குறைத்துக் கொடுக்கும் உங்கள் ட்ரான்ஸ்போமர் சின்னனாக இருந்து வோல்ட்டேஜ் இறங்கினாலே படம் சுருங்கும், அதனால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மீற்றர் வைத்து அதை முதலில் பாருங்கள். அது சரியென்றால் மொனிற்றரின் சர்க்கிட் பலகையில் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், கிளிநொச்சியில் பழைய ரிவி திருத்தின வயசான ஆள் ஒருவரைப் பிடித்தால் மாற்றித் தருவார். நீங்களாகக் கை வைக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றின பிறகும் ரியூப்பின் ரப்பர் மூடிக்குக் கீழே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும்.

பிறகு, பெட்டியைச் சீமெந்து நிலத்தில் அப்படியே வைக்காதீர்கள். என்னுடையது ஒரு மாரிக்கே அடிப்பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதிவிட்டது, மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. நாலு செங்கல் போதும்.

விளையாடப் பிடிக்கும் ஸ்டிக்கை மாற்றுவதென்றால் நாலு திசை ஸ்டிக்தான். எட்டுத் திசை போட்டால் மூலையில் திரும்பாமல் விளையாட்டில் துரத்தும் பேயிடம் மாட்டிக்கொண்டே இருப்பீர்கள், நான் ஒரு மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.