விரிசலைப் பூசி மறைக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி

கேள்வி: கோவைக்கு வெளியே 14 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் தனி வீடு வாங்கினோம். மனைக்கு 21 லட்சத்துக்குக் கிரயப் பத்திரம், வீடு கட்ட 41 லட்சத்துக்குத் தனி ஒப்பந்தம். சாவி வாங்கி 2 வருடம் 8 மாதம் ஆகிறது. போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பியது. இப்போது அதற்குள் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிறது. பின்பக்க அறைக் கதவு சாத்தவே முடியவில்லை. பில்டரிடம் வாட்ஸ்அப்பில் பலமுறை சொல்லிவிட்டோம். "கரிசல் மண்ணுல இதெல்லாம் சகஜம் சார். ஒப்பந்தப்படி ஒரு வருஷம்தான் வாரண்டி. இருந்தாலும் உங்களுக்காக இலவசமா பூசிக் குடுத்துடறேன், ஒரு லெட்டர்ல கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். பூசிக்கொள்வதா, வழக்குப் போடுவதா?
(வாசகர், கோவை)

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாக் குறைகளும் எனக்குத் திருப்தியாகச் சரிசெய்யப்பட்டன, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி அதில் எங்காவது ஒளிந்திருக்கும். இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் பார்த்துவிட்டேன். இலவசப் பூச்சு என்பது அந்த ஒரு வரிக்காகத்தான்.

பூசவும் விடாதீர்கள். சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் வீடு அழகாகிவிடும், அஸ்திவாரம் அப்படியேதான் இருக்கும். அடுத்த மழையில் விரிசல் திரும்ப வரும்போது அது எங்கே ஆரம்பித்தது, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் இறங்கியது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

இன்றே செய்யக்கூடியது ஒன்று. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு ஓரமும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கட்டடம் இன்னும் அசைகிறது என்றால் கண்ணாடி உடையும். பழைய காலத்து வழிதான், ஆனால் வழக்கில் நன்றாகப் பேசும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, 15 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க, பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, அதாவது புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதற்கு அந்தக் கருவி உங்கள் கையில் இருப்பது நல்லது.

அடுத்தது இன்ஜினியர். அவர் நீங்கள் பணம் கொடுத்து அழைத்துவரும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்க வேண்டும், பில்டர் அனுப்புகிறவர் அல்ல. "லோன் கொடுக்கும்போது பேங்க் இன்ஜினியர் பார்த்தாரே" என்று சிலர் கேட்பார்கள். அவர் பார்த்தது வீட்டின் விலையை. அஸ்திவாரத்தை அவர் தோண்டிப் பார்க்கவில்லை.

அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். "விரிசல் காணப்பட்டது, பழுது தேவை" என்ற ஒன்றரைப் பக்கம் எதற்கும் உதவாது. சுவரோரம் குழி தோண்டி அஸ்திவாரம் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். மண் மாதிரி எடுத்து, தண்ணீரில் அது எவ்வளவு உப்புகிறது என்று ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதனால்தான் இந்த மண்ணுக்கு அண்டர் ரீம்டு பைல் என்ற, அடியில் குமிழ் போல அகன்ற தூண் அஸ்திவாரம் வந்தது. உப்பும் மண் ஆழமாக இருக்கும் இடத்தில் அந்தத் தூண் தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 3.5 மீட்டர் போக வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2911 என்ற இந்தியத் தர நிர்ணயம், மூன்றாம் பாகம். உங்கள் வீட்டுக் குழியில் நாலடியிலேயே சாதாரண ஃபூட்டிங் தெரிந்தால், பில்டரின் "சகஜம்" என்ற வார்த்தை அவருக்கே எதிராகத் திரும்பும். கரிசல் மண் என்று தெரிந்துதானே கட்டினார்?

இன்னும் மூன்று கேள்விகளுக்கும் அறிக்கையில் பதில் வேண்டும். அசைவு நின்றுவிட்டதா, தொடர்கிறதா? வீட்டில் குடியிருக்கலாமா? சரிசெய்ய என்ன வழி, என்ன செலவு? இழப்பீடு கேட்கும்போது இந்த எஸ்டிமேட்தான் அடிப்படை. தோண்டும் தேதியைப் பில்டருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து அழையுங்கள். வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்று அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் கேட்டாக வேண்டும். சம்ப் கசிகிறதா? வாஷிங் மெஷின் தண்ணீர் சுவரோரம் இறங்குகிறதா? சுவரை ஒட்டி வேப்பமரம் வைத்தீர்களா? மாடியில் ஏதாவது கூடுதலாகக் கட்டினீர்களா? பில்டரின் வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார். தவறு உங்கள் பக்கமும் இருந்தால், அதை இன்ஜினியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவருவதைவிட அது மேல்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஒரு வருட வாரண்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016, அதாவது ரெரா, பிரிவு 14(3)-இல் சொல்வது இது: சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதிக்கொண்டால் சட்டம் சுருங்கிவிடாது, பிரிவு 89 அதைத் தெளிவாக்குகிறது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், எட்டுக்கு மேல் வீடுகள் என்பதால் உங்கள் குடியிருப்பு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தைத் தேடுங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மண் பரிசோதனை அறிக்கையையும் அஸ்திவார வரைபடத்தையும் பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வாட்ஸ்அப்பில் சொன்னதும் சுட்டிக்காட்டியதாகத்தான் கொள்ளப்படும் என்று வாதிடலாம். இருந்தாலும் இன்ஜினியர் அறிக்கையை இணைத்து, டெலிவரி சான்று கிடைக்கும்படி அஞ்சலில் ஒரு முறையான நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். 30 நாளில் அஸ்திவாரத்தைச் சரிசெய்வது நடைமுறையில் கஷ்டம். இன்ஜினியர் கையெழுத்திட்ட திட்டத்தோடு வேலையைத் தொடங்கினால், கொஞ்சம் பொறுத்துப் போகலாம். வெறும் சிமெண்ட் மூட்டையோடு ஆள் வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்.

பில்டர் அசையவில்லை என்றால் ரெராவில் புகார். சரிசெய்ய உத்தரவு கேட்பது ரெரா ஆணையத்திடம், இழப்பீடு கேட்பது அதே சட்டத்தின் கீழ் உள்ள தீர்ப்பு அலுவலரிடம். இரண்டும் தனித்தனி மனு. 2021-இல் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையை உறுதி செய்தது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்பது லக்னோ மேம்பாட்டு ஆணைய வழக்கிலிருந்தே நிலைத்த விஷயம், ரெரா வந்ததால் அந்த வழி அடைபடவில்லை என்று 2020-இல் இம்பீரியா வழக்கும் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே கெடு 2 வருடம். 62 லட்சத்தை ஒன்றாகக் கணக்கிட்டால் 50 லட்சத்தைத் தாண்டி மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கட்டுமானத்தின் 41 லட்சம் மட்டும் என்றால் மாவட்ட ஆணையம். எந்த ஆணையம் என்ற சண்டையே ஒரு வருடத்தைத் தின்றுவிடும். உங்கள் நிலையில் நான் ரெராவுக்குத்தான் போவேன்.

வீட்டு இன்சூரன்ஸை நம்பி உட்காராதீர்கள். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் நிலம் அமிழ்வது உண்டு, ஆனால் புதுக் கட்டடம் வழக்கமாக இறங்குவதும் தவறான வடிவமைப்பும் வேலைக்குறையும் அதில் சேராது. இ.எம்.ஐ.யையும் நிறுத்தாதீர்கள். பேங்குக்கும் விரிசலுக்கும் சம்பந்தமில்லை.

நடுவில் இன்ஜினியர் "ஆபத்து" என்று சொன்னால் வழக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். முழுவதும் வீடியோ எடுத்து, பில்டருக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு முட்டுக் கொடுங்கள், தேவைப்பட்டால் வெளியே வாடகைக்குப் போங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். நஷ்டத்தைக் குறைக்க முயன்றீர்களா என்பதை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-உம் பார்க்கிறது.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற 13 வீடுகளுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். மண் ஒன்று, மேஸ்திரி ஒருவர், வரைபடமும் ஒன்றாகவே இருக்கும். நாலு வீட்டில் இதே மூலையில் விரிசல் இருந்தால், இன்ஜினியர் செலவையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். உங்கள் வேப்பமரத்தின் மேல் பழி போடவும் பில்டரால் முடியாது.