மெர்க்குரஸும் மெர்க்குரிக்கும்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளின் வேதியியல் புத்தகத்தில் மெர்க்குரஸ், மெர்க்குரிக் என இரு பெயர்கள் வருகின்றன. இரண்டும் ஒன்றுதானா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை, அம்மா. மெர்க்குரிக் சேர்மத்தில் பாதரசத்தின் ஆக்சிஜனேற்ற எண், அதாவது ஓர் அணு இழந்ததாகக் கொள்ளப்படும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, 2. மெர்க்குரஸில் அது 1. அதிலும் பாதரச அணுக்கள் தனித்து நில்லாமல் இரண்டிரண்டாகப் பிணைந்தே அயனியாகின்றன (மின்னேற்றம் கொண்ட துகளாகின்றன) என்பது உலோகங்களில் அரிதாகக் காணப்படும் அழகிய இயல்பு.

கலோமல் எனப்படும் மெர்க்குரஸ் குளோரைடு நீரில் அநேகமாகக் கரையாது. முற்காலத்தில் அதைப் பேதி மருந்தாகவே கொடுத்தார்கள், இன்று அது தவறென்று அறிவோம். மெர்க்குரிக் குளோரைடோ நீரில் கரைந்து, குடலையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும் கடும் நஞ்சு. சித்த மருத்துவ நூல்களில் முன்னது பூரம், பின்னது வீரம். ஆய்வகப் புட்டியின் பெயரைக் கடைசி எழுத்துவரை படித்த பின்னரே திறக்கும்படி மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.