வாசகர் கேள்வி: ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் எச்.ஐ.வி. உறுதிதானா?

எச்.ஐ.வி. பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரு கடிதத்திலும் பெயர் இல்லை. அதனால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: வயது 26, திருமணமாகவில்லை. வெளியூர் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவருடன் உறவு. ஆணுறை கிழிந்துவிட்டது. 9 நாள் ஆகிறது, தூக்கமே இல்லை. கடலூர் ஜி.எச்.சில் சித்தி வேலை பார்க்கிறார், அங்கே போக முடியாது. — பண்ருட்டி

பதில்: இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இப்படி நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. கிருமி உடலின் செல்களுக்குள் புகுந்து நிலைபெறும் முன் மருந்து அதை மறிக்க வேண்டும். 72 மணி தாண்டினால் பலன் இல்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். நடுவில் நிறுத்தக்கூடாது. ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ ஆனாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லிக் கேட்க வேண்டும்.

உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இனி உங்களுக்குப் பரிசோதனைதான். இப்போது ஒருமுறை, 6 வாரத்தில் ஒருமுறை, 3 மாதத்தில் ஒருமுறை எடுங்கள். இன்று ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அந்தச் சம்பவத்துக்கு முந்தைய நிலை மட்டுமே தெரியும். கிருமிக்கு எதிராக உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கச் சில வாரம் பிடிக்கும். 3 மாதத்தில் வரும் நெகட்டிவை நம்பலாம். அதுவரை ரத்ததானம் கூடாது. ‘இலவசமாக டெஸ்ட் ஆகிவிடும்’ என்று ரத்த வங்கிக்குப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தொற்றி ஒருசில வாரமே ஆன ரத்தம் சோதனையில் தப்பி இன்னொருவர் உடம்பில் ஏறிவிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் எச்.ஐ.வி. என்றோ, வராவிட்டால் இல்லை என்றோ முடிவு கட்டவும் வேண்டாம்.

சித்தி விஷயம்: எந்த ஊர்க்காரரும் எந்த நம்பிக்கை மையத்திலும் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) பரிசோதனை செய்துகொள்ளலாம். மாவட்டமோ மாநிலமோ தடையில்லை. பஸ் ஏறினால் புதுச்சேரி. ஜிப்மரிலோ அங்குள்ள அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள். கட்டணம் இல்லை. ஆலோசகர் தனி அறையில் பேசி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே ரத்தம் எடுப்பார்கள். முடிவை உங்களிடம் மட்டும் சொல்வார்கள்.

ஆணுறை ஏன் கிழிந்தது என்றும் பாருங்கள். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலவீனமாகிவிடும். தண்ணீர் சேர்ந்த ஜெல்தான் தடவலாம். பர்ஸில் வைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்து நசுங்கியது, காலாவதியானது, பல்லால் கடித்துப் பிரித்தது, நுனியில் காற்றை அழுத்தி வெளியேற்றாமல் போட்டது எல்லாமே கிழியும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் உராய்ந்து இரண்டும் கிழியும்.

கேள்வி: அப்பாவுக்கு (58) குடலிறக்க ஆபரேஷன். எங்களிடம் கேட்காமலேயே தனியார் மருத்துவமனையில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து, ‘ரியாக்டிவ்’ என்று வந்ததும் ‘இங்கே செய்ய முடியாது’ என்றுவிட்டார்கள். அம்மா இடிந்துபோய்விட்டார். — நெய்வேலி

பதில்: ‘ரியாக்டிவ்’ என்றால் முதல் பரிசோதனைக் கிட்டில் கோடு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். தொற்றுள்ள ஒருவர்கூடத் தவறிவிடக்கூடாது என்றே முதல் கிட்டைத் தயாரிக்கிறார்கள். அதனால் தொற்று இல்லாதவருக்கும் சில சமயம் கோடு காட்டும். நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளில் பார்ப்பார்கள். மூன்றிலும் வந்தால்தான் பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் 2 வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அப்பாவை அங்கே அழைத்துப் போங்கள். இன்னொரு தனியார் லேபுக்கு ஓடினால் அதே மாதிரி கிட்டில் அதே குழப்பம்தான் மிஞ்சும். முடிவு வரும்வரை சொந்தக்காரர் யாரிடமும் பேச வேண்டாம். ஒருமுறை பரவிய பேச்சைத் திரும்ப அள்ள முடியாது.

மருத்துவமனை இரண்டு தவறு செய்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது. தொற்று இருப்பதாகச் சொல்லிச் சிகிச்சையை மறுக்கவும் கூடாது. கையுறை, கவசக் கண்ணாடி, ஊசியைக் கவனமாகக் கையாள்வது இவையெல்லாம் எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டியவை. தெரிந்தே வரும் ஒரு எச்.ஐ.வி. நோயாளிக்குப் புதிதாக எதுவும் தேவைப்படாது. மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். மருத்துவ அவசரம் என்றால் கூடிய மட்டும் 24 மணி நேரத்துக்குள் அவர் உத்தரவிட வேண்டும். வழி தெரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கு இலவசமாகப் பேசுங்கள்.

கேள்வி: பாண்டி கடற்கரைப் பக்கம் பச்சை குத்திக்கொண்டால் எச்.ஐ.வி. வருமா? — லாஸ்பேட்டை

பதில்: ஒருவருக்குக் குத்திய ஊசியால் அடுத்தவருக்கும் குத்தினால் வரலாம். அதைவிட ஹெபடைட்டிஸ் பி, சி வரும் வாய்ப்பு அதிகம். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மை ஊற்றும் சின்னக் கிண்ணமும் புதிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஊசியை மாற்றிவிட்டுப் பழைய மையிலேயே தொட்டால் பயனில்லை. குத்தியபின் ஓராண்டு ரத்ததானம் செய்யாதீர்கள்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் எச்.ஐ.வி. இரண்டு ஆண்டாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும்) மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது 4 மாதம். குழந்தைக்கு வராமல் இருக்குமா? இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா? — குறிஞ்சிப்பாடி

பதில்: வராமல் காப்பாற்ற முடியும் அம்மா. சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றும். முறையாக மருந்து எடுத்தால் 5க்கும் கீழே இறங்கும். ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாதபடி குறைந்திருந்தால் இன்னும் குறையும். அந்த அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனையை இப்போதே கேட்டு எடுங்கள்.

இரும்பு மாத்திரை பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. பலர் கேட்பதே இல்லை. இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் ஏ.ஆர்.டி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிருடன் சேர்ந்தால், அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நீங்கள் நாள் தவறாமல் விழுங்கினாலும் மருந்து பாதிதான் வேலை செய்யும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம், மதியம் 1 மணிக்கு இரும்பு, இரவு 9 மணிக்கு ஏ.ஆர்.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ ஏ.ஆர்.டி. இருக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டாவது வேளை கால்சியம் இருந்தால் இரவுச் சாப்பாட்டோடு ஏ.ஆர்.டி.யையும் சேர்த்தே விழுங்கலாம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் பாதகமில்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கு மட்டும் அந்த 2, 6 மணி நேர இடைவெளி சாப்பாட்டோடும் கட்டாயம்.

பிரசவம் மருத்துவமனையில்தான். குழந்தைக்கு பிறந்ததிலிருந்து குறைந்தது 6 வாரம் தடுப்பு மருந்துச் சொட்டு தருவார்கள். 6 வாரத்தில் குதிகாலில் குத்தி ரத்தச் சொட்டை அட்டையில் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கடைசி உறுதிச் சோதனை 18 மாதத்தில். முதல் 6 மாதம் தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் தாய்ப்பால் மட்டும்தான். இடையே பசும்பால், சர்க்கரைத் தண்ணீர் கலந்தால் குழந்தையின் குடல் புண்ணாகித் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று உறுதியாகத் தெரியும். மற்றவர்களை எச்சரிப்பது தவறா? — திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தவறு. அவர் தொட்ட குடம், உட்கார்ந்த பெஞ்சு, அவரைக் கடித்த கொசு எதிலும் பரவாத ஒன்றுக்கு எச்சரிக்கை எதற்கு? உங்கள் பேச்சால் நடப்பது ஒன்றுதான்: அவர் மாத்திரை வாங்கப் போவதை நிறுத்துவார், இன்னொருவர் பரிசோதனைக்குப் போகவே பயப்படுவார். எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும் என்கிறது அதே சட்டம்.

கேள்வி: விசைப்படகில் தங்கலுக்குப் போகிறேன். ஒரு வாரம் கரைக்கு வர முடியாது. மாத்திரை நனைந்துவிடுகிறது, சில நாள் விட்டும்போகிறது. மனைவிக்குத் தொற்று இல்லை. — கடலூர் முதுநகர்

பதில்: மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோகாதீர்கள். வந்த டப்பாவிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல், மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, இன்ஜின் சூடு படாத இடத்தில் வையுங்கள். இரவு வலை இழுக்கும் நேரம் மாறிக்கொண்டே இருந்தால், மாத்திரைக்குக் காலைச் சாப்பாட்டு நேரத்தை வைத்துக்கொள்ளலாம். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

ஆண்டுக்கொரு முறை எடுக்கும் வைரல் லோடு பரிசோதனையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள், அப்போது கரையில்தான் இருப்பீர்கள். கிருமி கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவு வழியாக மனைவிக்குப் பரவாது. அந்த முடிவு கையில் வரும்வரை ஆணுறை. கேரளப் பக்கம் தொழிலுக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் மையத்தில் மாற்றல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். போகிற ஊரிலும் மாத்திரை இலவசம்தான்.