மனச்சோர்வு மாத்திரை குடல் பாக்டீரியாவைக் கொல்லுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிட ஆரம்பித்துப் பத்து நாளாகிறது. தினமும் மூன்று நான்கு தடவை வயிற்றால் போகிறது. ‘இது நல்ல பாக்டீரியாவையெல்லாம் கொன்றுவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் சித்தப்பா. பதிலாக புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) கேப்சூல் கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து மனதில் வேலையைக் காட்டவே சில வாரம் பிடிக்கும். இப்போது விட்டால் பட்ட அவதிதான் மிச்சம்.

சித்தப்பா சொல்வது முழுப் பொய்யில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 வகைக் குடல் பாக்டீரியாக்களிடம் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக்கே அல்லாத மருந்துகளில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று, ஏதாவதொரு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தது. எங்கள் மனநலத் துறைக்கும் பாக்டீரியாவை எதிர்க்கும் மருந்துகளுக்கும் இது பழைய உறவுதான். மனச்சோர்வுக்கு முதலில் வந்த மருந்துகளில் ஒன்றான ஐப்ரோனியாசிட், 1950-களில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. நோயாளிகள் உற்சாகமாகிவிட்டதைக் கண்டுதான் இந்தப் பக்கம் திருப்பினார்கள். பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. டுலாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சில குடல் பாக்டீரியாக்கள் தமக்குள் சேர்த்து வைத்துக்கொள்வது 2021-இல் தெரியவந்தது.

ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத்தில் பார்த்தது. அம்மாவின் தொந்தரவுக்கு நேரான காரணம் வேறு. மூளையில் மனநிலையோடு தொடர்புடைய ரசாயனம் செரட்டோனின்; உடம்பில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது. செர்ட்ராலின் அங்கும் அதைத் தேங்கவைக்கும். குடல் வேகமாக அசையும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். அதை டாக்டர் செய்யட்டும்.

கேப்சூல் இந்த மாத்திரைக்கு மாற்று ஆகாது. அந்தக் காசுக்குத் தயிர் வாங்குங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். நிறையக் குடிக்கட்டும். இந்த மாத்திரையால் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும், வயது ஏற ஏற அதற்கு வாய்ப்பு அதிகம். தலைசுற்றல், குழப்பமான பேச்சு, காய்ச்சல், மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு நிறம் என எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அம்மா முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது போட்டுக்கொள்கிறாரா? செர்ட்ராலினோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். போட்டுக்கொண்டால், அந்த அட்டையையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.