புதினாவில் மணம் இல்லை: உரம் போதவில்லையா, கூடிவிட்டதா?

கேள்வி: 10 அங்குலத் தொட்டிகளில் புதினா, துளசி, ரோஸ்மேரி வளர்க்கிறேன். வாரம் தவறாமல் திரவ உரம் ஊற்றுகிறேன். இலை பெரிதாக வருகிறது, மணம் இல்லை. நுனியும் கருகுகிறது. சத்துக் குறைவு என்று சொல்லி, வளர்ச்சி ஊக்கி ஒன்றும் நுண்ணூட்டக் கலவை ஒன்றும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கையில் இருக்கும் பாட்டிலையும் ஒரு மாதம் மூடி வையுங்கள். உங்கள் செடிகள் பசியில் இல்லை, அளவுக்கு மீறித் தின்றிருக்கின்றன.

மூலிகையின் மணம் இலையில் ஊறும் எண்ணெயிலிருந்து வருவது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தேவைக்கு மேல் கிடைத்தால் இலை மளமளவென்று விரியும். எண்ணெய் அந்த வேகத்துக்கு ஊறாது. கசக்கினால் பச்சை வாடைதான் வரும். இப்படிக் கொழுத்த இளந்தண்டைத்தான் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் முதலில் மொய்க்கும்.

நுனிக் கருகலுக்கு வருவோம். தொட்டியின் உள்விளிம்பை, மண் தொடும் இடத்தில், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அது பெரும்பாலும் உப்பு. தண்ணீரில் கரையும் உரங்கள் பெரும்பாலும் உப்புகளே. நீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணில் தங்கும். அது கூடக்கூட வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் தவிக்கும். முதலில் காய்வது இலை நுனி. இதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று இன்னும் உரம் விற்பது பெரிய கொடுமை. உண்மையான தழைச்சத்துக் குறைவு வேறு மாதிரி இருக்கும்: அடி இலைகள் முழுதாக வெளிறி மஞ்சளாகும், புது இலைகள் சிறுத்து வரும்.

மண்ணைக் கழுவ வேண்டும். மேல்மண்ணை ஒரு சென்டிமீட்டர் வழித்து எறியுங்கள். அடித் துளையில் குச்சி விட்டு அடைப்பு இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு தொட்டிக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீரை, ஐந்தைந்து லிட்டராக, முன்னே ஊற்றியது வடிந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். அடித்தட்டை எடுத்துவிடுங்கள், தட்டில் தேங்கும் உப்புநீரை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். புதினாவை இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது; மூன்று வாரத்தில் வரும் புதுத் தளிரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அதன் பிறகு அளவு. பல பாக்கெட்டுகளில் ஏக்கர் கணக்கை அச்சிட்டுவிட்டு, தொட்டிக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூடப் போடாத பழக்கம் இன்னும் தொடர்கிறது. வீட்டுத் தோட்டக்காரர் வாங்கும் சின்னப் பொட்டலங்கள் சிலவற்றிலும் அதே கதைதான். சத்து விகிதம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், பூப்படம் மட்டும் பெரிதாக. அந்த எண்களைத் தேடிப் படியுங்கள். 19-19-19 என்றால் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் ஒவ்வொன்றும் 19 சதவீதம். அந்த உரத்தில் வழித்த ஒரு டீஸ்பூன், ஏறத்தாழ 5 கிராம், 10 லிட்டர் தண்ணீருக்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தொட்டிக்கு அரை லிட்டர், ஏற்கெனவே நனைந்த மண்ணில். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். இதுவும் வேண்டாமென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். ரோஸ்மேரிக்கு வருடத்துக்கு இருமுறை ஒரு கைப்பிடி. அதற்கு மேல் வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். மண்ணே சேர்க்காமல் தென்னை நார்த்தூளில் மட்டும் நட்டிருந்தால் மேலே சொன்ன இடைவெளி பொருந்தாது. நார்த்தூளில் சாம்பல் சத்து கொஞ்சம் உண்டு, தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மட்காத தூளாக இருந்தால் இன்னும் மோசம்: அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் நீங்கள் ஊற்றும் தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும், செடி வெளிறி நிற்கும். கழுவாத தூளில் உப்பும் இருக்கும். அப்படிப்பட்ட தொட்டிக்கு அதே கலவையை 10 நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். அடுத்த முறை நடும்போது தூளைக் கழுவி, மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து நடுங்கள். "மண் கலவை" என்று பையில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். கையில் எடுத்துப் பிழியுங்கள். பஞ்சு போல அமுங்கி, விட்டதும் விரிந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நார்த்தூள்.

லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித் தரும் "மூலிகை டானிக்" எதையும் தொடாதீர்கள். இவை பச்சையாகத் தின்னும் இலைகள். என்ன கலந்ததென்று தெரியாததைத் தெளிக்கவே கூடாது. எப்சம் உப்பையும் எல்லாவற்றுக்கும் மருந்து என்று தலையில் கட்டுகிறார்கள். அதில் இருப்பது மக்னீசியமும் கந்தகமும் மட்டுமே. அந்தக் குறை இல்லாத தொட்டியில் போட்டால், ஏற்கெனவே கூடிய உப்போடு இன்னொரு உப்பு சேரும்.

கழுவிய பிறகும் புதினா தளிர்க்கத் தயங்கினால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றிப் பாய் போல இறுகியிருந்தால் எந்த உரமும் உதவாது. அந்த வேர்க்கட்டியைக் கத்தியால் நாலாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் புது மண்ணில் நடுங்கள்.