வாசகர் கேள்வி–பதில்: பெண்களுக்கெனத் தனி மிஷனெரி சங்கம் எதற்கு?

கேள்வி: எங்கள் சபையில் பெண்களுக்கென ஒரு மிஷனெரி சங்கம் தொடங்க விரும்புகிறோம். பொதுச் சங்கம் இருக்கையில் தனிச் சங்கம் எதற்கு, காணிக்கை இரண்டாகப் பிரிந்துபோகுமே என்று மூப்பர்கள் சிலர் தயங்குகிறார்கள். முற்காலத்தில் இத்தகைய சங்கங்கள் எப்படிச் செயல்பட்டன?

பதில்: இந்தத் தயக்கம் புதிதன்று. 1869ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெதடிஸ்ட் திருச்சபைப் பெண்கள் சிலர் கூடி, அயல்நாட்டு ஊழியத்துக்கெனத் தனிச் சங்கம் அமைத்தபோதும் இதே கவலை எழுந்தது. பொதுச் சங்கத்தின் வருமானம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆராதனை வேளையிலோ பொதுக்கூட்டங்களிலோ காணிக்கை எடுப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒரு டாலர், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்ட், என்று சந்தா வைத்துப் பணம் திரட்டி, அதே ஆண்டின் இறுதிக்குள் இருவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒருவர் ஆசிரியை இசபெல்லா தோபர்ன். மற்றவர் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அப்போதுதான் பட்டம் பெற்றிருந்த டாக்டர் கிளாரா ஸ்வெயின்.

தனிச் சங்கம் எதற்கு என்பதற்கான விடையை ஸ்வெயின் ஊழியம் செய்த பரேலியில் காணலாம். அங்கே பெண்கள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கோஷா முறையைக் கடைப்பிடித்த குடும்பங்களில், பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து நேர்ந்தாலும் ஆண் மருத்துவர் உள்ளே வந்து பார்க்க இயலாது; எத்தனை ஆண் மிஷனெரிகள் ஊரில் இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அவர்களால் பயனில்லை. ஸ்வெயின் அந்த வீடுகளுக்குள் சென்றார். அத்துடன் நில்லாமல், இந்தியப் பெண்கள் சிலரைச் சேர்த்து மருத்துவமும் கற்பித்தார். மருத்துவமனைக்கு இடம் தேவைப்பட்டபோது மிஷனை ஒட்டியிருந்த நிலம் ராம்பூர் நவாபுக்கு உரியதாக இருந்தது. விலை கேட்கச் சென்றவர்களிடம், பெண்களுக்கான மருத்துவமனைக்கு என்றால் விலையே வேண்டாம் என்று அந்த முஸ்லிம் மன்னர் நிலத்தையும் வீட்டையும் தந்துவிட்டார். 1874இல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

தோபர்ன் 1870 ஏப்ரலில் லக்னோவின் அமீனாபாத் கடைவீதியில் ஓர் அறையில், ஆறு சிறுமிகளுடன் பள்ளியைத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் படிப்பதை எதிர்ப்பவர்கள் தொல்லை தரக்கூடும் என்பதால் ஒரு பையன் தடியுடன் வாசலில் காவல் நின்றான். 1886இல் அங்கே கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. தமிழகத்திலும் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915இல் பல நாடுகளைச் சேர்ந்த 12 மிஷனெரி சங்கங்களின் கூட்டு முயற்சியாகவே உருவாயிற்று. காணிக்கை பிரிந்துபோகும் என்று அஞ்சும் மூப்பர்களிடம், சங்கங்கள் பலவாக இருந்தும் சேர்ந்து கொடுக்க முடிந்ததை எடுத்துச் சொல்லுங்கள்.

என் கருத்து இதுதான்: பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய, இப்போது ஒருவரும் செய்யாத ஊழியம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருந்தால் சங்கத்தைத் தயங்காமல் தொடங்குங்கள். அப்படி ஒன்றும் புலப்படாவிட்டால், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்குமுன் தேவை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: பழைய மிஷன் அறிக்கைகளில் வரும் வேதாகம ஸ்திரீகள் என்போர் யார்?

பதில்: மிஷனெரி சங்கங்கள் மாதச் சம்பளம் கொடுத்து அமர்த்திய உள்ளூர்ப் பெண்கள், அவர்களில் பலர் விதவைகள். வீடு வீடாகச் சென்று எழுத்தறிவும் தையலும் கற்பித்து, வேதம் வாசித்து, கீர்த்தனை பாடி, நோயாளிகளையும் விசாரித்து வந்தார்கள். மொழியும் வழக்கமும் அறிந்தவர்கள் என்பதால், கடல்கடந்து வந்த மிஷனெரிக்குத் திறவாத பல கதவுகள் அவர்களுக்குத் திறந்தன. ஒரு வீட்டில் யாரேனும் மதம் மாறப்போவதாகப் பேச்சு எழுந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்டால், அந்த அவமதிப்பையும் முதலில் சுமந்தவர்கள் அவர்களே. ஆனால் மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறுகள் நூல்களாக வெளிவந்திருக்க, இவர்களோ அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். இது எனக்குப் பெரும் மனவருத்தம் தரும் செய்தி. உங்கள் சபையின் பழைய பதிவேடுகளில் இவர்களுடைய பெயர்கள் கிடைத்தால், தாள் செல்லரித்துப்போகுமுன் படியெடுத்து வையுங்கள்.