அசையாத ஸ்லீவும் உடையக்கூடாத பிளாக்கும்

கேள்வி: பல வருடம் கொட்டகையில் ஓடாமல் நின்ற பழைய டிராக்டரின் இன்ஜினைப் பிரித்திருக்கிறேன். நாலு சிலிண்டர், வெட் ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் தனி இரும்புக் குழாய், வெளிப்பக்கம் தண்ணீர் சுற்றும்). தண்ணீரை வடிக்காமலே விட்டிருக்கிறார்கள். இரண்டு ஸ்லீவ் வந்துவிட்டன, மற்ற இரண்டும் அசையவில்லை. ஒன்றில் பிஸ்டனும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்து இரும்புக் கம்பி வைத்து அடித்ததில் ஸ்லீவின் கீழ் விளிம்பு ஒரு பக்கம் உடைந்துவிட்டது. ஸ்லீவ்கள் உட்காரும் இன்ஜின் உடலான பிளாக்கையே மாற்ற வேண்டியதுதானா?

பதில்: மாற்ற வேண்டாம், ஆனால் அந்தக் கம்பியை முதலில் கீழே வையுங்கள். ஸ்லீவ் எப்படியும் பழைய இரும்புக்குப் போகிற பொருள், அது உடைந்தால் உடையட்டும். பிளாக்கில் ஒரு கீறல் விழுந்தால்தான் வேலை கெட்டது.

வெட் ஸ்லீவ் என்பது இறுக்கி அடித்து இறக்கியது இல்லை, புதியதாக இருக்கும்போது கை அழுத்தத்திலேயே கிட்டத்தட்ட முழுதும் இறங்கிவிடும். அப்படியானால் இப்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ன? துருவும் சேறும்தான், அதுவும் இரண்டே இடத்தில்: மேலே காலர் (ஸ்லீவின் தடித்த மேல் விளிம்பு) உட்காரும் பள்ளத்தில், கீழே ஓ-ரிங் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கும் பட்டையில். நடுவில் இருப்பது தண்ணீர் ஓடும் இடம், அங்கே சேறு கட்டி இறுகியிருக்கும். இந்தச் சேற்றை எடுக்காமல் ஸ்லீவை இழுப்பவர்கள்தான் பிளாக்கை உடைக்கிறார்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். உங்களுக்கு ஒரு வசதி, இரண்டு ஸ்லீவ் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன. பெரும்பாலான பிளாக்குகளில் அந்தக் காலி ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கத்து ஸ்லீவின் முதுகு தெரியும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடு மூடிகளையும் கழற்றிவிட்டு, வளைத்த கம்பியால் சுரண்டிச் சுரண்டி, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி அலசுங்கள். முதலில் செங்கல் நிறத்தில் குழம்பாக வரும், அப்புறம் அப்பளத் துண்டுபோலத் துருச் செதில் வரும். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள்.

அடுத்தது எண்ணெய். துரு இளக்கும் எண்ணெய் எதுவானாலும் சரி, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்தும் ஊற்றலாம் (சீக்கிரம் தீப்பிடிக்கும், நெருப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது). பிளாக் நேராக நிற்கும்போது தண்ணீர்த் துளைகள் வழியாக ஊற்றினால் எண்ணெய் ஓ-ரிங் பட்டையின் மேல் தேங்கும். இரண்டு நாள் கழித்துப் பிளாக்கைக் கவிழ்த்து, கீழ்ப்பக்கமிருந்து ஸ்லீவைச் சுற்றி ஊற்றுங்கள். அவசரப்படாமல் ஒரு வாரம் விடுங்கள்.

இழுப்பதற்குப் புல்லர்தான் சரி, அதாவது நடுவில் நீண்ட போல்ட்டும் அதன் கீழே ஒரு தட்டும் உள்ள இழுப்புக் கருவி. கீழே வைக்கும் தட்டு ஸ்லீவின் உள்விட்டத்தைவிடப் பெரிதாகவும் வெளிவிட்டத்தைவிட ஒரு நூல் சிறிதாகவும் இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஸ்லீவோடு சேர்த்துப் பிளாக்கையும் இழுக்கும். உடைந்த விளிம்பில் தட்டு அரைகுறையாக உட்காராதபடி பாருங்கள். நட்டை இறுக்கி, நடு போல்ட்டின் தலையில் ஒரு தட்டு தட்டி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இறுக்குங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம் சுலபம்.

பிஸ்டன் பிடித்த ஸ்லீவில் புல்லர் போகாது. கிராங்க் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு, கனெக்டிங் ராடின் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) இரண்டு பக்கமும் ஸ்லீவின் விளிம்பில் நல்ல வைரம் பாய்ந்த மரக்கட்டை வைத்து மாறி மாறி அடித்து, பிஸ்டனோடு சேர்த்தே வெளியே தள்ளுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால், ஊற்றிய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்ட பிறகு, பிஸ்டன் இல்லாத ஸ்லீவின் உள்சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று கோடு வெல்டிங் ஓட்டலாம். வெல்டிங் ஆறும்போது சுருங்கி, ஸ்லீவையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: டிரை ஸ்லீவுக்கும் இதேதானா?

பதில்: இல்லை. டிரை ஸ்லீவ் முழு நீளத்துக்கும் பிளாக்கை ஒட்டி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். எண்ணெய் உள்ளே இறங்கவே இடம் கிடையாது. வெல்டிங் கோடு இங்கேதான் அதிகம் கைகொடுக்கும், இல்லாவிட்டால் போரிங் போடும் பட்டறையில் கொடுத்துக் காகிதம்போல மெலியும்வரை கடைந்தால் மிச்சத்தை உரித்து எடுத்துவிடலாம். 100 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு 50 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது சுமார் 0.05 மி.மீ.தான், ஆனால் இறுக்கமே அந்த அளவில்தான் என்பதால் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்துக் குளிர்வித்தும் எடுப்பார்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

கேள்வி: புது வெட் ஸ்லீவ் போட்டேன், ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஓ-ரிங் மட்டமானதா?

பதில்: ஓ-ரிங்கைக் குறை சொல்வதற்கு முன்னால் அது உட்காரும் பட்டையை விரலால் தடவிப் பாருங்கள். துருக்குழி இருந்தால் எந்த ஓ-ரிங்கும் நிற்காது. எமரி தாளால் வழவழப்பாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, ரிங் முறுக்காமல் இறக்குங்கள். காலர் பள்ளத்தில் துரு மிச்சமிருந்தால் ஸ்லீவ் சாய்ந்து உட்காரும், அதனால் பிளாக்கின் மட்டத்துக்கு மேல் ஸ்லீவ் எவ்வளவு நிற்கிறது என்பதை நாலு இடத்தில் அளந்து, அந்த இன்ஜினின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) மாட்டுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, காலையில் கீழே படுத்துப் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்த ஸ்லீவை மறுபடி வெளியே எடுக்க வேண்டியதுதான்.